ஒரு சபைக்கு வயது பார்த்த கதை

சேகரக் கமிட்டிக்காரர்கள் (ஒரே ஆயரின் பொறுப்பில் இருக்கும் பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்தது சேகரம்) தங்கள் கிராமச் சபை ஒன்றைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே ஒரு எண்ணைத்தான். "நூற்றாண்டு விழா வைக்கலாம்னு இருக்கோமுங்க. எந்த வருசத்துல ஆரம்பிச்சதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா பிளக்ஸ் அடிக்கக் குடுத்தரலாம்" என்றார் செயலாளர். ஒரு வாரத்து வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். எட்டு மாதம் இழுத்துவிட்டது. எதையெல்லாம் தொட்டுப் பார்த்தேன், எது எங்கே காலை வாரியது என்று இங்கே எழுதி வைக்கிறேன். கொங்கு நாட்டில் இந்த மாதிரிச் சின்னச் சபைகள் நிறைய இருக்கின்றன. அடுத்து வயது பார்க்கக் கிளம்புகிறவருக்கு உதவும்.

இடம், பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு ஊர். ஊர்ப் பெயரைப் போடாததற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி அருந்ததியர் வளவு, அதாவது குடியிருப்பு. வளவின் கிழக்கு ஓரத்தில் ஓடு போட்ட ஒரு கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், மரக்கிளையில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. உள்ளே பெஞ்ச் கிடையாது, பாய்தான். ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது பேர் வருவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆயர் வந்து திருவிருந்து கொடுப்பார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் பார்த்துக்கொள்வார். தென்னிந்தியத் திருச்சபை, கோயமுத்தூர்த் திருமண்டலம். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "லண்டன் மிசன் கோயிலுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

முதலில் கல்லைப் பார்த்தேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் ஒரு கருங்கல் பலகை. மேலே யாக்கோபு சொன்ன வசனம்: "இது தேவனுடைய வீடேயல்லாமல் வேறல்ல." அதன் கீழே வருடம் இருந்திருக்கிறது. இருந்திருக்கிறது என்று சொல்லக் காரணம், சில வருடங்களுக்கு முன் முன்சுவருக்கு டைல்ஸ் ஒட்டும்போது பலகை கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றதால், வேலைக்கு வந்தவர் கட்டிங் மெஷினை வைத்துக் கீழ் மூலையை நேராக அறுத்துவிட்டார். வேலை சுத்தம். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. மேலே மூன்று கோட்டு எனாமல் பெயிண்டைச் சுரண்டி, கல்வெட்டுக்காரர்கள் எடுப்பது போல ஈரத்தாளை ஒட்டித் தட்டி மைப்படி எடுத்துப் பார்த்தேன். "19" வந்தது. அதற்குப் பிறகு டைல்ஸ்.

சரி, வருடம் முழுதாக இருந்திருந்தாலும் அது கட்டடத்தின் வயதைத்தான் சொல்லியிருக்கும். இந்தக் கட்டடத்துக்கு முன்னால் மண்சுவரும் ஓலைக் கூரையுமாக ஒன்று இருந்தது, அது ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது என்று மூன்று வீடுகளில் தனித்தனியாகச் சொன்னார்கள். பத்திரத்தைத் தேடலாமென்றால் கோயில் நிற்பது நத்தம் நிலம். வீட்டுமனையோடு மனையாகக் கட்டிக்கொண்டது, யாரும் யாரிடமும் கிரயம் வாங்கவில்லை. கிரயப் பத்திரம் இல்லாத சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டால் வெள்ளைத் தாள்தான் வரும்.

அடுத்து ஓடு. பின்பக்கச் சரிவில் உடைந்த ஓட்டை மாற்ற ஆள் ஏறினபோது நானும் ஏணியில் ஏறினேன். சில ஓடுகளின் அடிப்பக்கம் பாசல் மிஷன் முத்திரை. எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஏணியால் அல்ல. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் தொடர்பு இருந்ததால் அவர்கள் தொழில்களெல்லாம் கைமாறி, 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே பழைய முத்திரை இருந்தால் போர்க்காலத்துக்கு முந்தைய சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் இதைச் சொன்னதும், வளவிலேயே மூத்த ஆயா ஒருத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அது ஈரோட்டுல ஏதோ பங்களாவைப் பிரிச்சப்ப வண்டி கட்டிட்டுப் போயி வாங்கியாந்த ஓடு கண்ணு. எங்க அப்பாரு சொல்லுவாரு" என்றார். ஓடு பழையதுதான். ஆனால் எப்போது இந்தக் கூரைக்கு வந்தது என்பதை ஓடு சொல்லாது. பழைய வீடுகளின் மரமும் ஓடும் ஊர் ஊராகப் பயணம் போவது நம் பக்கத்தில் சாதாரணம். ஓட்டை வைத்து வயது சொன்ன சில ஆலய மலர்களை நான் பார்த்திருக்கிறேன். இனி அவற்றை அவ்வளவு நம்ப மாட்டேன்.

மூன்றாவது, பதிவேடுகள். சேகரத் தலைமை ஆலயத்து பீரோவில் மற்ற ரிஜிஸ்டர்களோடு இந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் ஒரே அட்டையில் தைத்து இருந்தன. செல்லரித்துப் போயிருந்தது. செல்லுக்கும் வருடத்தின் மேல்தான் கண் போலிருக்கிறது, இடப்பக்க விளிம்பில் இருந்த தேதிக் கட்டத்தைத்தான் முதலில் தின்றிருக்கிறது. ஆனால் பக்கத் தலைப்பில் அச்சடித்திருந்த பெயர் தப்பித்தது: தென்னிந்திய ஐக்கிய சபை.

இந்தப் பெயருக்கு ஒரு கால எல்லை உண்டு. லண்டன் மிஷனெரி சங்கம் 1827இல் சேலத்திலும் 1830இல் கோயமுத்தூரிலும் வேலை தொடங்கியது. கோவையில் தொடங்கியவர் டபிள்யூ. பி. ஆடிஸ். லண்டன் மிஷன் சபைகள் 1908இல் பிரஸ்பிட்டேரியன் முதலான சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. அது 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. ஆகவே இந்தப் பதிவேடு 1908க்கு முந்தையதாக இருக்க முடியாது.

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். 1908க்குப் பிந்தையது பதிவேடு, சபை அல்ல. ஒரு கிராமத்தில் நாலு குடும்பம் மட்டும் இருக்கும்போது அவர்களுக்கென்று தனி ரிஜிஸ்டர் போட மாட்டார்கள், தலைமை நிலையத்துப் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். தனிப் புத்தகம் வருவது ஓரளவு ஆட்கள் சேர்ந்த பிறகு. கல்யாணப் பதிவு இன்னும் கெட்டியானது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கென்று தனிப் படிவம், நகல் எல்லாம் உண்டு. ஆனால் இந்த ஊர்க் கல்யாணங்களை ஆயர் இருந்த இடத்திலேயே நடத்தி அங்கேயே பதிந்திருக்கிறார்கள். ஆக எங்கள் புத்தகத்தில் அது இல்லை.

பதிவேட்டில் மனம் நின்ற கட்டம் ஒன்று உண்டு. "முந்தின பெயர்" என்று ஒரு பத்தி, பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர். மாரன், கருப்பன், சின்னான் என்று ஒரு பக்கம். அடுத்த கட்டத்தில் யோவான், தேவசகாயம், ஞானம். தொழில் கட்டத்தில் "பண்ணையாள், பண்ணையாள், பண்ணையாள்" என்று எழுதிக் கை சலித்தவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு "மேற்படி" போட ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே "தோல் வேலை". கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற சாலும் அதன் தோல் வாலும் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஒவ்வொன்றாக மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தொழில் போயிற்று.

அடக்கப் பதிவேட்டில்தான் ஒரு பிடி கிடைத்தது. வருடம் போனாலும் மாதம் தப்பியிருந்த இரண்டு பக்கங்கள். அதற்கு முன்னும் பின்னும் மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று போகிற அடக்கங்கள், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் திடீரென்று வரிசை கட்டுகின்றன. ஒரே வீட்டில் மூன்று பேர். எல்லாம் இளவயது. காரணம் என்ற கட்டத்தில் "ஜுரம், இருமல்". மதராஸ் மாகாணத்தில் 1918 இன்புளுயன்சா உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. கிழவர்களைவிட இளவயதுக்காரர்களை அதிகமாக அள்ளிப்போன காய்ச்சல் அது. காலரா என்றால் "வாந்திபேதி" என்று எழுதியிருப்பார்கள், பிளேக் என்றால் "கட்டி". அந்தக் கையெழுத்துக்காரர் வேறு இடங்களில் அந்த இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார். ஆகவே 1918இல் இங்கே ஒரு சபை இருந்தது, அதற்கென்று புத்தகம் இருந்தது, இறந்தவர்களைப் புதைக்க இடமும் இருந்தது என்று எழுதத் துணிந்தேன். மேல் எல்லை கிடைத்துவிட்டது. கீழ் எல்லைதான் ஆட்டம் காட்டியது.

வாய்மொழியில் எல்லாக் கதையும் "ஒரு தொரை வந்தாரு" என்றே தொடங்கும். ஈரோட்டுப் பக்கம் எந்தத் துரையும் ரெண்டே பேரில் ஒருவராகிவிடுவார். ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஏ. டபிள்யூ. பிரப். ஈரோட்டைத் தலைமையிடமாக வைத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுப்பட்டு கிராமங்களுக்கெல்லாம் வேலையை விரித்தவர் இவர். இன்றைக்கும் ஈரோட்டில் பிரப் ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இன்னொருவர் எச். ஏ. பாப்லி. கர்நாடக சங்கீதம் கற்று, கதாகாலட்சேப பாணியில் கீர்த்தனை பாடிப் பிரசங்கம் செய்தவர், குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இந்த வளவிலும் "ராத்திரி முச்சூடும் பாடுன தொரை" ஒருவர் வருகிறார். பாப்லியாக இருக்கலாம். ஆனால் பாடுகிற உபதேசியார் ஒருவர் இரண்டு தலைமுறை வாய்ச்சொல்லில் துரையாக உயர்ந்துவிடுவதும் நடக்கும். இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சொல்லாமல் விட்டதும் ஒரு சாட்சிதான். கோவை, சேலம் வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் தாது வருசப் பஞ்சம் (1876-78) பற்றி ஏதாவது ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே கோயில் கதையோடு சேர்த்து யாருமே பஞ்சத்தையோ கஞ்சித்தொட்டியையோ சொல்லவில்லை. பஞ்ச காலத்தில் சேர்ந்த சபை என்று எழுத ஆசைப்பட்ட ஒரு கமிட்டி உறுப்பினருக்கு இதில் வருத்தம்.

தாளும் கல்லும் தராததை ஆயாவின் வாய் தந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். ஆயா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "இரு கண்ணு, பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று எழுந்தார்.

"கோயிலுக்குத்தானுங் ஆயா போறீங்க?"

"ஆமா, பள்ளிக்கூடத்துக்குத்தான். நாங்க அப்படித்தான் சொல்றது."

அன்றைக்கே இன்னும் நாலு வயதான பெண்களிடம் விசாரித்தேன். எழுபது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அது பள்ளிக்கூடம். அவர்கள் பிள்ளைகளுக்குக் கோயில். பேரன் பேத்திகளுக்கு சர்ச். ஒரே கட்டடம்தான்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தன. கட்டடத்தின் மேற்குச் சுவரில் சிமெண்டு பூசிய கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறது. கரும்பலகை. பீடத்துக்கு நேர் எதிர்ச்சுவரில் அது எதற்கு என்று நான் ஐந்தாறு தடவை பார்த்தும் யோசித்ததில்லை. உபதேசியாரை வயதானவர்கள் இன்றும் "வாத்தியாரு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் வந்தது ராப்பள்ளிக்கூடம். பகலில் மாடு மேய்க்கிற, தோட்டத்தில் தண்ணி கட்டுகிற பையன்கள் ராத்திரி அரிக்கேன் விளக்கில் அ, ஆ எழுதினார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திண்ணையில்கூட உட்கார விடாத காலம். பிறகு பகல் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை அதே வாத்தியார் அதே இடத்தில் ஜெபம் நடத்தினார். கவுண்டர் தோட்டத்துக்காரர்களில் சிலர் முதலில் எதிர்த்ததாகவும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிற ஆள் வளவில் உருவானது பிடிக்காமல்தான் எதிர்த்ததாகவும் ஆயா சொன்னார். சாமி மாறியதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லையாம்.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் வந்த பிறகு ஒன்றியத் தொடக்கப்பள்ளி சாலையோரத்தில் வந்தது, மிஷன் பள்ளிக்கூடம் கலைந்தது. கட்டடத்தில் ஜெபம் மட்டும் மிச்சம்.

இதனால் கமிட்டியின் கேள்வியே கோணலாகிவிட்டது. சபை ஆரம்பித்த நாள் என்று இங்கே ஒரு நாள் இல்லை. வாத்தியார் வந்த நாளா, முதல் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்த நாளா, கூரை வேய்ந்த நாளா, தனிப் புத்தகம் போட்ட நாளா? பெரிய ஊர்க் கோயில்களில் இவையெல்லாம் பிரதிஷ்டை என்கிற ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். வளவுச் சபையில் அடங்காது. மிஷனின் அச்சிட்ட ஆண்டறிக்கைகளைத் தேடுவதும் எனக்குக் கைகொடுக்கவில்லை. லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டனில் சோயாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அச்சில் வந்த அறிக்கைகள் இந்த மாதிரிக் கிராமங்களைப் பெரும்பாலும் மொத்தத் தொகையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

வயது பார்க்கப் போய் எனக்குக் கிடைத்த புதையல் வேறொன்று. அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு நோட்டு. பண்டிகையன்று ஆளாளுக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கிற காணிக்கைப் பொருளை, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். என்ன பொருள், யார் எடுத்தது, எவ்வளவு என்று மூன்றே கட்டம். அதில் முதல் பக்கங்களைப் படித்தால் மானாவாரி காடு கண்முன் வருகிறது: கம்பு இரண்டு படி, சோளம், கேழ்வரகு, கொள்ளு, சேவல் ஒன்று, முட்டை ஆறு, தும்புக் கயிறு ஒரு பிடி, பூசணிக்காய். ஒரு வரியில் "புதுச் செருப்பு 1 ஜோடி". தன் கையால் தைத்த செருப்பைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்திருக்கிறார் ஒருவர். எடுத்தவர் பெயருக்குப் பின்னால் "கவுண்டர்" என்றிருக்கிறது. கோயிலுக்குள் வராதவர் ஏலத்துக்கு வந்து வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சப் பக்கம் தள்ளினால் நெல் வருகிறது, மஞ்சள் வருகிறது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர்தான், வேறென்ன. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வாய்க்காலில் தண்ணீர் விட்டு, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைந்தது. அந்த ஏக்கரில் இந்த வளவுக்கு ஒரு செண்டுகூட இல்லை. ஆனால் கூலியாக வந்த நெல் காணிக்கையாகவும் வந்தது. இன்னும் பின்னால் சென்னிமலைப் பெட்ஷீட், துண்டு, திருப்பூர் பனியன் ஒரு டஜன், சோப்பு, பிஸ்கட் பாக்கெட். கடைசியாக நான் பார்த்த பண்டிகையில் ஒரே ஒரு கம்பங்கதிர் இருந்தது. கடையில் வாங்கியதாம். அதற்குத்தான் ஏலத்தில் கடும் போட்டி.

இனி, ஊர்ப் பெயரை மறைத்த விஷயம். ஞானஸ்நானப் பதிவேடு புதிய தலைப்போடு, தென்னிந்தியத் திருச்சபை என்று, தொடர்கிறது. 1950இல் கோயமுத்தூர்த் திருமண்டலம் உருவாகி ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார். பேராயர் என்ற ஒருவரையே அறியாத லண்டன் மிஷன் மரபுச் சபைக்குத் திடப்படுத்தல் என்ற சடங்கு (ஞானஸ்நானம் பெற்றவரைப் பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்துச் சபையின் முழு அங்கத்தினராக்குவது) புதிது. அவர் காலத்துத் திடப்படுத்தல் பட்டியல் ஒன்று கனமாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு பதிவுகள் இளைக்கின்றன. பண்டிகை ஏலத்தில் பெயர்கள் குறையவில்லை, பாயில் இடம் காலியாகவில்லை, புத்தகத்தில் மட்டும் ஆள் இல்லை.

அதே 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிக்காரர் என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. மதம் மாறியவருக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதில் பங்கில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பாயில் உட்காரும்போது ஒரு பெயர் என்று ஆனது இப்படித்தான். ஞானஸ்நானம் கொடுப்பார்கள், புத்தகத்தில் ஏற்ற மாட்டார்கள். ஊர்ப் பெயரை நான் போடாததும் இதனால்தான். இதைச் சிலர் ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பெயரில் இருந்தாலும் அதே வளவு, அதே கிணறு, அதே சுடுகாட்டுப் பாதை என்று இருப்பவர்களிடம் பெயரை மட்டும் கேட்டுக் கணக்கு முடிப்பதுதான் வேடிக்கை. எப்படியோ, 1950க்குப் பிந்தைய பதிவேட்டை வைத்து இந்த மாதிரிச் சபையின் தலைக்கணக்கு சொல்கிறவர் யாராக இருந்தாலும் தப்பாகத்தான் சொல்வார். ஏல நோட்டை வைத்துச் சொன்னால் ஓரளவு சரியாக வரும்.

கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது அரைப்பக்கம். பள்ளிக்கூடம் எப்போது வந்தது என்பதற்குத் தாள் சாட்சி இல்லை. தனிப் பதிவேடுள்ள சபையாக ஆனது 1908க்கும் 1918க்கும் இடையில். இப்போதுள்ள கட்டடம் அதற்குப் பிந்தையது. கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. "1908ன்னே போட்டுரலாமுங்க, ரவுண்டா இருக்கும்" என்றார் ஒருவர். எட்டில் என்ன ரவுண்டு என்று இன்னொருவர். பக்கத்துச் சேகரத்துச் சபை 1912 என்று போட்டிருப்பதால் அதற்கு முந்தையதாக இருந்தால் நல்லது என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி போடுங்கள் என்று முடித்துவிட்டார். பதிவேடுகளையும் ஏல நோட்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மூலப் புத்தகங்களை இரும்பு பீரோவுக்கு மாற்றி, மூலைக்கு நாலு ரச கற்பூர உருண்டையும் வைத்தாயிற்று. அறுத்த கல் துண்டை வேப்பமரத்தடி மண்ணில் தேடிப் பார்த்தோம், சிக்கவில்லை.

விழாவுக்கு நாலு நாள் முன்பு ஈரோட்டு பிளக்ஸ் கடையிலிருந்து போன் வந்தது.

"சார், டிசைன் முடிஞ்சுதுங்க. நடுவுல வருசம் ரெண்டு வந்திருக்குது. எதை எடுத்தரட்டுமுங்க?"

"ரெண்டும் இருக்கட்டுங்க" என்றேன்.

"அப்போ எழுத்து சின்னதாப் போயிருமுங்களே" என்றார்.